பல் வலிக்கிறது, உடைந்தது, விழுந்தது: எதற்கு உடனே ஓட வேண்டும், எது காலை வரை தாங்கும்

ராத்திரி பதினொரு மணி. கடைவாய்ப் பல் வலிக்கிறது. தெருவில் இருக்கும் பல் கிளினிக்கை எப்போதோ பூட்டிவிட்டார்கள். திறந்திருப்பது மெடிக்கல் ஷாப் மட்டும்தான். யாராவது ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய், "பல்வலிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க" என்று வாங்கி வருவார். ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வாயு மாத்திரை. வலி கொஞ்சம் அடங்கும். சில நாளில் மறுபடி வரும்.

அந்த செட்டை வாங்கப் போவதற்கு முன் ஐந்து நிமிடம் நிதானிக்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பல் விஷயத்தில் நாம் வழக்கமாக வலியை வைத்துத்தான் அவசரத்தை முடிவு செய்கிறோம். அந்தக் கணக்கு தப்பாகப் போகும். உயிர் போகிற மாதிரி வலிக்கும் பல் பெரும்பாலும் மறுநாள் காலை வரை ஆபத்தில்லாமல் தாங்கிவிடும். அவ்வளவாக வலிக்காத தாடை வீக்கம் அதே ராத்திரியில் மூச்சை அடைக்கலாம். விளையாடும்போது தெறித்து மண்ணில் விழுந்த பல்லுக்கு இருக்கும் நேரமோ ஒரு மணிக்கும் குறைவு. ஆகவே கீழே உங்கள் நிலைமை எதுவோ அதைத் தேடிப் படியுங்கள். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டு மேலே போங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக பெரிய ஆஸ்பத்திரி

எச்சில் விழுங்க முடியவில்லை, வாயிலிருந்து வழிகிறது. நாக்குக்கு அடியில் வீங்கி நாக்கையே மேலே தூக்குகிறது. தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் கெட்டியாக வீங்கியிருக்கிறது. குரல் மாறிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. வாயை ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. மேல் பல் வலியோடு கண் இமை வீங்கி மூடிக்கொள்கிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல்.

இதில் எது இருந்தாலும் பல் டாக்டரின் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்நுனி, வாயின் அடித்தளமாக இருக்கும் தசைக்கும் கீழே வரை போகிறது. அங்கே கட்டும் சீழ் வெளியே வர வழியில்லாமல் நாக்கின் அடியிலும் கழுத்திலும் உள்ள இடைவெளிகளில் பரவும். அப்படிப் பரவினால் மூச்சுக்குழாய்க்கு இடம் குறையும். 1836-இல் இதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் லுட்விக்கின் பெயரைத்தான் மருத்துவர்கள் இன்னும் இந்த நிலைக்குச் சொல்கிறார்கள். லுட்விக் ஆஞ்சைனா என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். இதற்கு மயக்க மருந்து டாக்டரும், அறுவை அரங்கும், ஆக்சிஜனும் இருக்கிற இடம் வேண்டும். அதாவது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எமர்ஜென்சி. 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நோயாளியை உட்கார்த்தியே வையுங்கள், படுக்க வைக்க வேண்டாம். சாப்பிடக் கொடுக்க வேண்டாம்.

சர்க்கரை நோய் இருப்பவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரையில் இருப்பவர்கள் வீக்கம் இந்த அளவுக்கு வரும்வரை காத்திருக்கவே கூடாது. அவர்களுக்கு இது மிக வேகமாகப் பரவும். காலையில் சின்னதாகத் தெரிந்த வீக்கம் மாலைக்குள் கழுத்துக்கு இறங்கிவிடலாம்.

வண்டியில் விழுந்து முகத்தில் அடிபட்டிருந்தால் பல்லைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பாருங்கள். நினைவு தப்பியதா, வாந்தி வருகிறதா, காது மூக்கிலிருந்து ரத்தமோ தண்ணீரோ வருகிறதா, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்பு போலப் பொருந்தாமல் கோணலாகக் கடிக்கிறதா, கீழ் உதடு மரத்துப்போனதா? அப்படியென்றால் தலைக்காயமோ தாடை எலும்பு முறிவோ இருக்கலாம். அதற்கும் 108 தான். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் கிடைக்கும். பணம் கையில் இல்லை என்று தயங்கி நேரத்தை விடாதீர்கள்.

இன்னொன்று. நாற்பது ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் ஒருவர், மாடிப்படி ஏறினால் கீழ்த்தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் குறைகிறது, கூடவே வியர்க்கிறது, நெஞ்சு கனமாக இருக்கிறது என்று சொன்னால் அது பல் அல்ல, இதயமாக இருக்கலாம். ஈசிஜி எடுக்கும் இடத்துக்குப் போங்கள்.

பல் முழுசாகக் கழன்று கீழே விழுந்துவிட்டது

இந்த ஒரு விஷயத்தில் டாக்டரைவிட, பக்கத்தில் நிற்பவர் செய்வதுதான் பல்லைக் காப்பாற்றும். பள்ளி ஆசிரியர்கள், பி.டி. மாஸ்டர்கள், கிரிக்கெட் ஆடும் பையன்களின் அப்பா அம்மா எல்லோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் அது பால் பல்லா, நிலைத்த பல்லா என்று பாருங்கள். முன்பற்கள் 6 முதல் 8 வயதுக்குள் மாறும். ஐந்து வயதுக் குழந்தையின் முன்பல் விழுந்தால் அது பால் பல்தான். அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது. உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைத்த பல்லின் முளையை அது கெடுத்துவிடும். ரத்தம் நிற்கச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, மறுநாள் டாக்டரிடம் காட்டினால் போதும். எட்டு வயதுப் பையனின் பெரிய முன்பல் என்றால் அது நிலைத்த பல். அப்போது கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

பல்லைத் தேடி எடுங்கள். வாயில் வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள். வேரின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய திசு ஒட்டியிருக்கும். பல்லை எலும்போடு மறுபடி இணைப்பது அந்தத் திசுவின் செல்கள்தான். தேய்த்தால் போய்விடும், காய்ந்தால் செத்துவிடும். அதனால் சோப்பு, டெட்டால், பிரஷ் எதுவும் வேண்டாம், கர்சீப்பால் துடைக்கவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ மெதுவாக அலசுங்கள். இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் சில நொடி காட்டினால் போதும்.

அப்புறம், முடிந்தால் அங்கேயே அந்தக் குழியில் பல்லைத் திரும்பப் பொருத்துங்கள். கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் உலகெங்கும் பல் காய நிபுணர்கள் முதலில் சொல்வது இதைத்தான். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பக்கத்துப் பல்லைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மெதுவாக அழுத்தினால் உள்ளே போய் உட்காரும். மடித்த கர்சீப்பைக் கடித்துக்கொள்ளச் சொல்லி நேராகப் பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

பொருத்தத் துணிவில்லை, அல்லது பையன் அழுது அடம்பிடிக்கிறான் என்றால் பல்லைப் பாலில் போடுங்கள். நம் ஊரில் இது எளிது. எந்த டீக்கடையிலும் பால் பாக்கெட் இருக்கும். அடுப்பில் கொதிக்கும் பால் வேண்டாம், ஃப்ரிட்ஜில் இருக்கும் பாக்கெட்டைக் கேளுங்கள். ஒரு டம்ளரில் ஊற்றி, பல் மூழ்கும்படி போட்டு எடுத்துப் போங்கள். பால் கிடைக்கவில்லையென்றால் அடிபட்டவரின் எச்சிலையே ஒரு சின்ன டப்பாவில் துப்பச் சொல்லி அதில் போடலாம். பெரியவராக இருந்தால் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்ளலாம். சின்னக் குழந்தைக்கு அது வேண்டாம், விழுங்கிவிடும். வெறும் தண்ணீரில் போடுவது நல்லதல்ல, ஆனாலும் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக் காயவிடுவதற்கு அது எவ்வளவோ மேல். இளநீர் நல்லது என்று சிலர் சொல்வார்கள். பால் கிடைக்கிற இடத்தில் பாலையே எடுங்கள்.

கால் மணி நேரத்துக்குள் பல் குழிக்குள் போனால் மிக நல்லது. வெளியே காய்ந்தபடி ஒரு மணி நேரம் தாண்டினால் வேர்த் திசு பிழைக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்படித் தாண்டியிருந்தாலும் பல்லைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வளரும் வயதில் எலும்பின் அளவு குறையாமல் இருக்க, அந்தப் பல்லையே சில வருடம் வைத்துக்கொள்ள டாக்டர் முடிவு செய்யலாம். அவர் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் இரண்டு வாரம்போல் கட்டிவைப்பார். வேர் முழுதாக வளர்ந்த பல்லுக்கு அந்த இரண்டு வாரத்துக்குள் ரூட் கெனாலும் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். மண்ணில் விழுந்த காயம் என்பதால் டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்றும் கேட்பார்.

பல் உடைந்தது, ஆடுகிறது, இடம் மாறிவிட்டது

நுனி மட்டும் சின்னதாகச் சிதறி, வலியும் இல்லை, கூச்சமும் இல்லை என்றால் அவசரம் கிடையாது. நாக்கில் குத்தாமல் பார்த்துக்கொண்டு அந்த வாரத்தில் போங்கள். உடைந்த இடம் மஞ்சளாகத் தெரிந்து காற்றுப் பட்டாலே கூசினால் மறுநாளே போங்கள். நடுவில் சிவப்பாகப் புள்ளி தெரிந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ பல்லின் நரம்பு வெளியே வந்துவிட்டது. அன்றைக்கே போக வேண்டும். முக்கியமாகப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு. வேர் இன்னும் வளர்ந்து முடியாத பல்லில் நரம்பை உயிரோடு வைத்தால்தான் வேர் முழுதாக வளரும்.

உடைந்த துண்டைத் தேடி எடுத்துத் தண்ணீரிலோ பாலிலோ போட்டுக் கொண்டு போங்கள். பல நேரம் அதையே ஒட்டிவிட முடிகிறது. துண்டு கிடைக்கவில்லை, உதடு கிழிந்து வீங்கியிருக்கிறது என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். துண்டு உதட்டுக்குள் புதைந்திருக்கலாம். அடிபட்டதிலிருந்து விடாமல் இருமல் வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், அதற்கு மார்பு எக்ஸ்ரே வேண்டும்.

பல் உள்ளே அழுந்திவிட்டது, நீண்டு தொங்குகிறது, பின்னால் சாய்ந்துவிட்டது என்றால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. மெதுவாக ஆடுகிற பல்லைத் திரும்பத் திரும்ப நாக்கால் தள்ளிப் பார்க்காமல் கஞ்சி, ரசம் சாதம் என்று இருங்கள்.

ராத்திரி படுத்ததும் விண்விண் என்று தெறிக்கிறது

பெரும்பாலான பல்வலி இந்த வகைதான். பல்லில் விழுந்த சொத்தை, உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் சதை வரை போய்விட்டது. அந்தச் சதை வீங்குகிறது. சுற்றிலும் பல்லின் கெட்டியான சுவர், விரிய இடமில்லை. படுத்தால் தலைக்கு ரத்தம் அதிகம் வரும், அழுத்தம் கூடும். அதனால்தான் பகலில் ஏதோ ஒரு மாதிரி இருந்த வலி ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கிறது.

குளிர்ச்சி பட்டதும் சுரீர் என்று வந்து, அடுத்த நொடியே போய்விட்டால் நரம்பு இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கிறது. ஒரு ஃபில்லிங்கோடு முடியலாம். ஒரு வாரத்துக்குள் போய்க் காட்டுங்கள். குளிர்ந்த தண்ணீர் குடித்து முடித்தும் பல நிமிடம் வலி இழுத்துக்கொண்டே இருந்தால், அல்லது தானாகவே வலி கிளம்பினால் நரம்பு தேற வாய்ப்பு குறைவு. சூடான காபி பட்டால் துடிக்கிறது, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்தால் அடங்குகிறது என்பது அதற்கும் அடுத்த கட்டம். பாட்டில் தண்ணீரோடு கிளினிக்குக்கு வந்து மடக்கு மடக்காக வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. இந்த நிலையில் வழி இரண்டுதான்: ரூட் கெனால், அல்லது பல்லை எடுப்பது.

இங்கேதான் அந்த மெடிக்கல் ஷாப் செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் நரம்பு வலிக்கு ஆன்டிபயாடிக் உதவாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதற்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பல்லுக்குள் அழற்சி வந்து வீங்கிய சதைக்கு மாத்திரையால் வைத்தியம் செய்ய முடியாது, உள்ளே திறந்துதான் சுத்தம் செய்ய முடியும். அமாக்ஸிசிலினை இரண்டு நாள் தின்று நிறுத்துவதால் கிடைப்பது, அடுத்த தடவை உண்மையிலேயே தேவைப்படும்போது வேலை செய்யாத மருந்து.

காலை வரை தாங்க என்ன செய்யலாம்? வேறு நோய் எதுவும் இல்லாத பெரியவருக்கு, சாப்பிட்ட பிறகு 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபனும் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்த்து எடுப்பது பல்வலிக்கு நன்றாக வேலை செய்யும். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கலாம். டாக்டர் சொல்லாமல் ஒரு நாளில் ஐபுப்ரோஃபன் 1,200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாராசிட்டமால் எந்தப் பெயரில் வந்தாலும் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிப்பவர்களும் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். காம்பிஃப்ளாம் போன்ற கூட்டு மாத்திரைகளுக்குள் ஏற்கெனவே பாராசிட்டமால் இருக்கிறது. அதற்கு மேல் டோலோ போடுகிறவர்கள் இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

வயிற்றுப்புண், கிட்னி கோளாறு, வலி மாத்திரை போட்டால் இழுப்பு வரும் ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கர்ப்பம் இதில் எது இருந்தாலும் ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் டெங்குவாக இருக்கலாம் என்பதால் அப்போதும் பாராசிட்டமால் மட்டும்தான். குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்பப் பாராசிட்டமால் சிரப் கொடுங்கள். ஆஸ்பிரின் கூடாது. நிமெசுலைடு என்ற வலி மருந்தை 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்க இந்தியாவில் 2011 முதல் தடை இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் அட்டையிலிருந்து பிய்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, சொத்தைக் குழியில் சிக்கிய சோற்றுப் பருக்கையை எடுத்துவிட்டாலே சிலருக்கு வலி பாதி குறையும். கிராம்புத் தைலத்தில் உண்மையிலேயே மரத்துப்போகச் செய்யும் யூஜினால் இருக்கிறது. ஆனால் ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டுக் குழிக்குள் மட்டும் வைக்க வேண்டும். ஈறு முழுக்கத் தடவினால் வெந்துவிடும். மாத்திரையைப் பொடித்து ஈறில் அப்புவது, மூக்குப்பொடி, புகையிலை, பிராந்தியை வாயில் வைப்பது இவையெல்லாம் வலியோடு ஒரு புண்ணையும் சேர்த்துக் கொடுக்கும்.

ஒரு வாரம் பாடாய்ப் படுத்திய வலி ஒரு நாள் காலையில் தானாக நின்றுவிட்டால் சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். நரம்பு செத்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். அடுத்து வேர்நுனியில் சீழ் கட்டும்.

அந்தப் பல் மட்டும் நீண்டுவிட்ட மாதிரி இருக்கிறது, கடித்தால் வலி

வேர்நுனிக்கு நோய் இறங்கிவிட்டது. பல் குழியிலிருந்து இம்மி அளவு மேலே தள்ளப்படுவதால்தான் முதலில் அது இடிக்கிறது. ஓரிரு நாளுக்குள் போக வேண்டிய நிலை இது.

முறுக்கு, எலும்பு, கரும்பு எதையாவது கடித்த பிறகு, கடிக்கும்போது இல்லாமல் கடியை விடும்போது சுருக்கென்று குத்துகிறதா? அது பல்லில் விரிசலாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. அதனால் இந்தத் தகவலை நீங்கள்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். விரிசல் வேர்வரை இறங்கிவிட்டால் பல்லைக் காப்பாற்ற முடியாது. புதிதாக ஃபில்லிங் செய்த பல் இடித்தால் மட்டும் பயப்பட வேண்டாம். உயரம் கொஞ்சம் கூடியிருக்கும், ராவிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஈறில் கொப்புளம், கன்னத்தில் வீக்கம்

ஈறில் பரு மாதிரி வந்து உப்புக் கரிக்கும் நீர் கசிந்தால், சீழுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. அதனால்தான் வலி குறைவு. ஊசியால் குத்தாமல், அந்த வாரமே போய்க் காட்டுங்கள். கன்னம் வீங்கினால் அன்றைக்கே, இல்லையென்றால் மறுநாள் காலை முதல் வேலையாக. வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு மணியையும் எழுதி வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் முதல் பகுதியில் சொன்ன பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நம் வீடுகளில் வீக்கம் என்றதும் உப்பு வறுத்து ஒத்தடம், சூடான பத்து என்று ஆரம்பித்துவிடுவார்கள். பல் சீழுக்கு வெளியிலிருந்து சூடு கொடுக்காதீர்கள், வீக்கம் கூடும். சீழ் கன்னத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் முகத்தில் நிரந்தரத் தழும்பும் மிஞ்சும். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். வீக்கத்தோடு காய்ச்சலும் இருக்கும் இந்தக் கட்டத்தில் டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதுவது சரியே. ஆனால் சீழை வெளியேற்றாமல் மாத்திரை மட்டும் போட்டால் அடங்கின மாதிரி அடங்கித் திரும்ப வரும்.

"வலியோடும் வீக்கத்தோடும் பல்லைப் பிடுங்கக் கூடாது" என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். அத்தை, சித்தப்பா யார் சொன்னாலும் முடிவை டாக்டரிடம் விடுங்கள். பல நேரம் அந்தப் பல்லை எடுப்பதே சீழ் வெளியேற வழி. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பதும் உண்மையல்ல. பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. இந்தப் பயத்தில் வருடக்கணக்கில் சீழோடு இருப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கடைசிப் பல்லுக்குப் பின்னால் வலி, வாய் திறக்கவில்லை

பதினேழிலிருந்து இருபத்தைந்து வயது என்றால் ஞானப்பல்லாக இருக்கும். பாதி முளைத்த பல்லின் மேல் மூடியிருக்கும் ஈறுக்கடியில் சாப்பாடு சிக்கிப் புண்ணாகிறது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அடிக்கடி கொப்பளியுங்கள், மென்மையான பிரஷால் அந்த இடத்தையும் சுத்தம் செய்யுங்கள். இரண்டு நாளில் குறையவில்லை என்றால் போங்கள். தாடை இறுகி, விழுங்கவும் வலித்தால் அன்றைக்கே.

பல் எடுத்த பிறகு ரத்தம் நிற்கவில்லை, மூன்றாம் நாள் வலி கூடுகிறது

எச்சிலில் ரத்தம் கலந்து வருவது முதல் நாள் முழுக்க இருக்கும், அது இயல்பு. வாய் நிறைய ரத்தம் ஊறினால் நிமிர்ந்து உட்காருங்கள். சுத்தமான பஞ்சுத் துணியை நனைத்துப் பிழிந்து கெட்டியாகச் சுருட்டிக் குழியின் மேல் வைத்து, அரை மணி நேரம் விடாமல் கடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. நனைத்த டீ பேக்கையும் இப்படிக் கடிக்கலாம், தேயிலையின் துவர்ப்பு ரத்தம் உறைய உதவும். இரண்டு முறை இப்படிச் செய்தும் நிற்கவில்லை என்றால் எமர்ஜென்சிக்குப் போங்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. துப்பிக்கொண்டே இருப்பது, ஸ்ட்ரா போட்டு ஜூஸ் உறிஞ்சுவது, முதல் நாளே கொப்பளிப்பது, சிகரெட் எல்லாம் உறைந்த ரத்தத்தைப் பெயர்த்துவிடும்.

அப்படிப் பெயர்ந்தால் எலும்பு வெறுமையாகி, இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் காது வரை இழுக்கும் வலியும் கெட்ட நாற்றமும் வரும். வலி மாத்திரை பெரிதாகக் கேட்காது. எடுத்த டாக்டரிடமே திரும்பப் போனால் குழியைக் கழுவி மருந்து வைப்பார், அன்றைக்கே நல்ல குறைவு தெரியும்.

கேப் கழன்று வந்துவிட்டது

வலி இல்லையென்றால் அவசரமில்லை. கேப்பைக் கழுவி ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தி ஓரிரு நாளில் போங்கள். ஃபெவிகுவிக் போட்டு ஒட்டாதீர்கள். ஆடும் கேப்போடு தூங்காதீர்கள், தொண்டைக்குள் போய்விடும்.

பல்லில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வலிக்கிறது

சளி பிடித்திருக்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாமே கனத்து, குனிந்தால் வலி கூடினால் சைனஸாக இருக்கலாம். முகம் கழுவினால், சவரம் செய்தால், காற்றுப் பட்டால் ஷாக் அடித்தது போல ஒரு பக்கம் மட்டும் சில நொடி வெட்டினால் முக நரம்பு வலியைப் பற்றி நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். இது தெரியாமல் நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு.

எங்கே போவது, என்ன சொல்வது

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அண்ணாமலை நகரிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. மற்ற ஊர்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, பல தாலுகா மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்கிவிட வேண்டும், மதியத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் கிடைக்காது. பக்கத்தில் எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு கிளினிக்கைவிடக் குறைவு, நேரம் அதிகம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மாலையும் பண்டிகை நாளும்தான் கஷ்டம். அதற்காக, வலி இல்லாத நாளிலேயே உங்கள் பகுதியில் அவசரத்துக்குப் போன் எடுக்கும் ஒரு பல் டாக்டரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பி.டி.எஸ். அல்லது எம்.டி.எஸ். படித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று போர்டில் பாருங்கள். சந்தையில் உட்கார்ந்து பல் கட்டுபவரிடம் போகாதீர்கள்.

போனில் "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. எந்தப் பக்கம், மேலா கீழா, எத்தனை நாளாக, வீக்கம் உண்டா, காய்ச்சல் உண்டா, வாய் திறக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று சொல்லுங்கள். அடிபட்டதென்றால் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர், இதய வால்வு ஆபரேஷன், கர்ப்பம், மருந்து அலர்ஜி, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி எதையும் மறைக்காதீர்கள். கர்ப்பிணிக்கு அவசரப் பல் சிகிச்சை எந்த மாதத்திலும் செய்யலாம். குழந்தை பிறக்கட்டும் என்று சீழைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றோடு போக வேண்டாம்.

முதல் நாள் டாக்டர் செய்வது பெரும்பாலும் வலியை நிறுத்தும் வேலை மட்டும்தான். ஊசி போட்டு, பல்லைத் திறந்து, அழுத்தத்தை இறக்கி, தற்காலிகமாக அடைத்து அனுப்புவார். வலி நின்றதும் பலர் திரும்பிப் போவதில்லை. அந்தத் தற்காலிக அடைப்பு சில வாரத்தில் கரைந்து உதிரும், உள்ளே மறுபடி கிருமி போகும், திறந்து குடையப்பட்ட பல் ஒரு நாள் இரண்டாகப் பிளக்கும். அதனால் நாற்காலியை விட்டு எழும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: அடுத்த சிட்டிங் என்றைக்கு, இந்த அடைப்பு எத்தனை நாள் தாங்கும், கேப் வரைக்கும் மொத்தம் எவ்வளவு ஆகும்? கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். தவணையாகக் கட்ட முடியுமா, அரசு மருத்துவமனைக்கு எழுதித் தர முடியுமா, பல்லை எடுத்துவிடுவதுதான் உங்கள் நிலைமைக்கு நல்லதா என்று டாக்டரோடு உட்கார்ந்து பேசி, தேதியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.